கார் ஸ்டீரியோவுக்குப் புதிய ஸ்பீக்கர்: முதலில் கவனிக்க வேண்டியது முன்கதவு

காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்றிவிட்ட வாசகர் ஒருவர், அடுத்ததாக ஸ்பீக்கர்களை மாற்ற விரும்புகிறார். பின்னிருக்கைக்குப் பின்னுள்ள தட்டில், 400 வாட் என்று அச்சிட்ட 6-க்கு 9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர்கள் இரண்டைப் பொருத்தினால் போதும், முன்கதவில் இருப்பவை அப்படியே இருக்கட்டும் என்று அவருக்கு யோசனை சொல்லப்பட்டிருக்கிறது. அது சரியா, எதை வாங்கி எங்கே பொருத்துவது என்று கேட்கிறார். பெரும்பாலும் தனியாகவோ முன்னிருக்கையில் ஒருவருடனோ பயணம் செய்வதாகவும், ஆம்ப்ளிஃபயர் இப்போதைக்கு வாங்கப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

அந்த யோசனையை ஏற்க வேண்டாம் என்பதே என் பதில். ஸ்டீரியோ ஒலிப்பதிவு, கேட்பவருக்கு முன்னால் இரு பக்கமும் ஸ்பீக்கர் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் செய்யப்படுகிறது. பாடகரின் குரல் நடுவிலும் கருவிகள் இரு மருங்கிலும் விரிந்து கேட்க வேண்டுமானால், ஒலியின் பெரும்பகுதி முன்னாலிருந்து வர வேண்டும். பின்தட்டில் பெரிய ஸ்பீக்கர் வந்துவிட்டால் ஓசை கூடும், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியும் கூடும். ஆனால் பாடல் முழுவதும் பிடரிக்குப் பின்னால் போய்விடும். முன்னிருக்கையில் அமர்பவருக்காகச் செலவிடும் பணம் முன்கதவுக்குத்தான் போக வேண்டும்.

பெட்டியின் மேல் உள்ள வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 400 வாட் என்பது பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் திறனைச் சொல்வது ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படும் எண்தான். அதுவும்கூட ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்பதைச் சொல்வதில்லை. ‘50 வாட் x 4’ என்று முகப்பில் எழுதியிருக்கும் ஸ்டீரியோ, உண்மையில் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, ஏறத்தாழ 15 முதல் 22 வாட் ஆர்எம்எஸ் வரைதான் தருகிறது, ஏனெனில் காரின் 12 வோல்ட் மின்சாரத்திலிருந்து நேரடியாக அதற்கு மேல் எடுக்க வழியில்லை. எனவே ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர் முதலில் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி என்ற எண்ணை. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. 86 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 92 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 6 டெசிபல் வித்தியாசம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இரு மடங்கு வாட் தேவை என்பதால், 18 வாட்டில் இரண்டாவது எழுப்பும் சத்தத்தை முதலாவது எழுப்ப 72 வாட் வேண்டும். 90 டெசிபலுக்குக் குறையாததைத் தேடுங்கள். இந்த எண்ணை 2.83 வோல்ட் கொடுத்து அளந்து போடும் நிறுவனங்களும் உண்டு. 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் அது 2 வாட் ஆகிவிடுவதால், ஒப்பிடும்போது 3 டெசிபலைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

புதிய ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கட்டும். சில கார்களில் நிறுவனமே தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து 2 ஓம் ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருக்கும். அத்தகைய ஸ்பீக்கர்களைப் புதிய ஸ்டீரியோவோடு நேரடியாக இணைத்தால், அது சூடேறி நின்றுவிடவோ பழுதாகவோ கூடும்.

முன்கதவுக்கு நான் பரிந்துரைப்பது 6.5 அங்குல காம்போனென்ட் வகை, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஊஃபர், உச்ச ஒலிக்கான ட்வீட்டர், ஒலியைப் பிரித்து அந்த இரண்டுக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் மூன்றும் தனித்தனியாக வரும் தொகுப்பு. ட்வீட்டரை ஊஃபரின் நடுவிலேயே வைத்திருக்கும் கோ-ஆக்சியல் வகை பொருத்துவதற்கு எளிது, ஆனால் கதவின் அடியில் முழங்காலுக்குக் கீழே கிடக்கும் ட்வீட்டரின் ஒலி காதுக்கு வருவதற்குள் இருக்கையும் கால்களும் அதை விழுங்கிவிடும். வாங்குவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, கதவின் உள்தகட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். காந்தம் கண்ணாடியில் இடிக்குமானால் இடையில் ஒரு வளையம் வைக்க வேண்டிவரும். அந்த வளையம் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது; கதவுக்குள் மழைநீர் இறங்கும் என்பதால், மரத்தூள் பலகையில் வெட்டிய வளையம் நாளடைவில் ஊறி உப்பிவிடும்.

எந்த விலையில் வாங்கினாலும், பெரும்பாலானோர் தவறவிடுவது கதவைத்தான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்னால் காற்று அழுத்தப்படுகிறது, அதே கணத்தில் பின்னால் அழுத்தம் குறைகிறது. இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ள வழி இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அலைநீளம் அதிகமுள்ள தாழ்ந்த ஒலிகளே இதில் முதலில் காணாமல் போகின்றன. கதவின் உள்தகட்டில் கண்ணாடி இயந்திரத்துக்காக விடப்பட்ட பெரிய துளைகள், பல கார்களில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளால்தான் மூடப்பட்டிருக்கின்றன. அது காற்றைத் தடுக்காது. அந்தத் துளைகளின் மேல் அலுமினியத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ பொருத்தி, அதன் மேல் அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் டாம்பிங் ஷீட்டை அழுத்தி ஒட்டுங்கள். வெளித்தகட்டின் உட்புறத்திலும் ஆங்காங்கே ஒட்டினால் போதும், தகடு அதிர்வது அடங்கிவிடும். இண்டு இடுக்கு விடாமல் ஒட்ட வேண்டிய அவசியமில்லை. ஸ்பீக்கரின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே நுரைப் பட்டை வைத்து இறுக்குங்கள். கதவின் அடியில் உள்ள நீர்வடி துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது, அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். டோர் பேடை மாட்டுவதற்கு முன் கண்ணாடியை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள். சுமாரான ஸ்பீக்கர்கூட இப்படிச் சீராக அடைத்த கதவில், அடைக்காத கதவிலுள்ள விலையுயர்ந்த ஸ்பீக்கரைவிட நல்ல பேஸ் தரும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ட்வீட்டரை வைக்கும் இடம், பாடல் எந்த உயரத்திலிருந்து வருவதாகத் தோன்றும் என்பதைத் தீர்மானிக்கிறது. பக்கக் கண்ணாடிக்கு உட்புறமாகக் கதவின் மூலையில் உள்ள முக்கோணம் பெரும்பாலான கார்களுக்கு ஏற்ற இடம். அது ஊஃபருக்கும் அதிகம் விலகியில்லை, காதுக்கும் மறைவில்லை. டாஷ்போர்டின் மேல் படுக்க வைத்தால் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு கலந்து கூச்சமாகக் கேட்கும். முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் பொருத்த விரும்புவோர், அங்கே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏர்பேக் உள்ள தூணில் துளையிடவே கூடாது. விபத்தின்போது அது விரியும் பாதையில் எதுவும் இருக்கக் கூடாது. இறுதியாக ஒட்டுவதற்கு முன், ட்வீட்டரை இருபக்கப் பசைநாடாவால் தற்காலிகமாக நிறுத்தி, எதிர்ப்பக்க இருக்கையின் தலைச்சாய்வை நோக்கித் திருப்பியும் சற்று விலக்கியும் கேட்டுப் பாருங்கள். கூர்மையாக உறுத்தினால் கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு உள்ள அளவுக் குறைப்பை 3 டெசிபலுக்கு மாற்றுங்கள்.

இணைக்கும்போது கூட்டல், கழித்தல் முனைகள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அலையும். ஐயமிருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபரின் வயர்களில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூட்டலோடு கூட்டல் சேர்ந்திருந்தால் கூம்பு வெளியே வரும். ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

பிறகு ஸ்டீரியோவின் அமைப்பில், குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழான ஒலியை ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டியிருக்கிறது; அந்தச் சுமையை எடுத்துவிட்டால் குரலும் கருவிகளும் தெளிவாகும், கூடுதல் சத்தத்துக்கும் இடம் கிடைக்கும். மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்ஊஃபர் ஸ்பீக்கரைச் சேர்க்கும் வரை பேஸ் குறைவாகத் தோன்றினால் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியே தாமதப்படுத்தும் டைம் அலைன்மென்ட் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஓட்டுநருக்கு ஒரு கதவு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டரிலும் மற்றது 140 சென்டிமீட்டரிலும் இருந்தால், அருகில் உள்ளதன் ஒலி ஏறத்தாழ 1.5 மில்லிசெகண்ட் முன்னதாக வந்துசேர்கிறது. அதைத் தாமதப்படுத்தினால் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு நகரும்.

பின் ஸ்பீக்கர்களை இப்போது தொட வேண்டாம். பழையவையே இருக்கட்டும், முன், பின் ஸ்பீக்கர்களுக்கு இடையே ஒலியைப் பகிரும் ஃபேடரை முன்னால் தள்ளி, பின்னாலிருந்து ஒலி வருவது தனியாகத் தெரியாத அளவுக்குக் குறைத்து வையுங்கள். செடான் காரின் உலோகப் பின்தட்டில் 6-க்கு 9 ஸ்பீக்கர் டிக்கியின் கொள்ளளவைப் பயன்படுத்தி நல்ல பேஸ் தருவது உண்மைதான், பின்னிருக்கையில் தினமும் ஆள் அமரும் காருக்கு அது பொருந்தவும் செய்யும். ஹேட்ச்பேக்கில் கழற்றி மாட்டும் மெல்லிய தட்டு அதற்கு ஏற்றதல்ல. அது அதிர்ந்து கிறீச்சிடும், மோதலின்போது தட்டோடு காந்தமும் முன்னால் பறந்து வரும். பேஸுக்காகவே பின் ஸ்பீக்கர் தேவைப்படுகிறது என்றால், அந்தப் பணத்தை வைத்திருந்து, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த, இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறிய சப்ஊஃபரை வாங்குங்கள். 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல் என்பதால், அதற்குக் கீழான ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுகொள்ளாது. அதற்கான மின்வயரை பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். பொருத்திய பின், ஒலி அலையைத் தலைகீழாக்கும் அதன் ஃபேஸ் பொத்தானை இரு நிலையிலும் மாற்றிக் கேட்டு, ஓட்டுநர் இருக்கையில் பேஸ் எந்த நிலையில் நிறைவாக வருகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.