மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியும் ரயில் தவழ்வது ஏன்?

கேள்வி: எச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில், சாதாரண டிசி கன்ட்ரோலர். பாதையின் தூர முனைக்குப் போனால் எஞ்சின் தவழ்கிறது; சில நாள் நின்றேவிடுகிறது. அங்கே மீட்டர் வைத்தால் 12 வோல்ட் இருக்கிறது. கன்ட்ரோலரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். நான் மாற்றிப் பார்த்து ஏமாந்தவன். புதுக் கன்ட்ரோலரிலும் எஞ்சின் அதே இடத்தில்தான் தவழ்ந்தது.

எஞ்சினைத் தூக்கிவைத்துவிட்டுத்தானே அளந்தீர்கள்? மின்னோட்டம் இல்லாதபோது இணைப்பு எவ்வளவு கெட்டிருந்தாலும் வோல்ட் குறையாது; மீட்டர் இழுப்பதோ மிகச் சொற்பம். சுமை ஏற்றி அளக்க வேண்டும். ஸ்கூட்டர் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றைத் தூர முனையில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே இணையுங்கள். சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு 12.1 காட்டிய இடம் 8.4க்கு இறங்கியது.

இனி திருடனைப் பிடிப்பது எளிது. பல்பு எரியும்போதே மீட்டரின் இரு முனைகளையும் ஒரே தண்டவாளத்தில், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஒவ்வொரு இணைப்புத் தகட்டுக்கும் இப்புறமும் அப்புறமுமாக வைத்துப் பாருங்கள். நல்ல இணைப்பு ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். என் 5 மீட்டர் பாதையில் ஒரே ஓர் இணைப்பு 2 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தது. மீதியை மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டிருந்தன. குற்றவாளி நானேதான். ஜல்லி ஒட்ட ஊற்றிய வெள்ளைப் பசை தகட்டுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது.

சுத்தம் செய்தால் ஓடும், சில மாதங்களுக்கு. தண்டவாளங்களை நேராகப் பிடித்துவைப்பதுதான் தகட்டின் வேலை. மின்சாரத்துக்கு அதை நம்பக் கூடாது. பலகைக்கு அடியில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இரண்டு (சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று) ஓட்டி, அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாகக் குட்டி ஒயர் பற்றவையுங்கள். சிவப்பும் கறுப்பும் ஓரிடத்தில் மாறினாலும் மொத்தப் பாதையும் ஷார்ட் ஆகும். பற்றவைக்கும்போது இருபுறமும் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைகள்மேல் ஈரத்துணி வையுங்கள். என் பாதையில் உருகிச் சாய்ந்த நான்கு கட்டைகள் என் அவசரத்துக்குச் சாட்சி.

பின்னாளில் டிசிசிக்கு (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறைக்கு) மாறினால், தூர முனையில் ஒரு ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள், தண்டவாளங்களுக்கு இடையிலான 16.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு அது தாராளமாக எட்டும். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர், ஷார்ட்டை உணர்ந்து அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் நாணயத்தை உடனே எடுத்துவிட்டு, ஒயரைத் தடிமனாக்கும்வரை ரயிலை ஓட்டாதீர்கள். அந்த நிலையில் ஒரு பெட்டி தடம் புரண்டால் அதன் அடிச்சட்டம் உருகிவிடலாம்.