ஷூ மட்டும் வந்து சேரவில்லை

ஓட்டக்காரர்கள் கேள்வி – பதில்

கேள்வி: ஆறு மாதம் பயிற்சி எடுத்து, முதல் முறையாக வெளிநாட்டு மராத்தான் ஒன்றுக்குப் போனேன். விமானம் ஐந்து மணி நேரம் தாமதம், மாறவேண்டிய அடுத்த விமானம் போயே போய்விட்டது, ராத்திரி போய் இறங்கினால் பெட்டி வரவில்லை. ஷூ அதற்குள்தான். கடையில் கிடைத்த புது ஷூவைப் போட்டு ஓடி, 30-வது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பதிவுக் கட்டணத்தைப்போல நாலு மடங்கு கைக்காசு போயிற்று. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: ஷூவைப் பெட்டியில் போட்டீர்களே, அங்கேதான். விமானம் தாமதமாவதும் பெட்டி வழிதவறுவதும் உங்கள் கையில் இல்லை, ஷூ இருந்தது. நானும் இதே மாதிரி பட்டவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். எல்லாரும் அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, விமான நிலையத்தில் பெட்டி வரும் பெல்ட்டில் யாருடையதோ கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் நாலாவது சுற்று வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பெல்ட்டும் நின்றுவிட்டது. நான் ஓடிப் பழகின அதே மாடல், அதே சைஸ் என்று தேடிப் பிடித்து வாங்கினேன், அப்படியும் விரல் முன்னால் போய் இடித்தது, ஏனென்றால் அது அந்த மாடலின் அடுத்த பதிப்பு, முன்பக்கத்தைக் குறுக்கியிருந்தார்கள். இரண்டு நகம் கறுத்து விழுந்தது. அன்றிலிருந்து பந்தய ஷூ காலில்தான் பயணம் செய்கிறது. சாக்ஸ், அரைக்கால் சட்டை, வாட்ச், அதன் சார்ஜர், பதிவுக் காகிதம், அடையாள அட்டை எல்லாம் கைப்பையில். ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைப் பல விமான நிலையங்களில் திரவமாகத்தான் கணக்கு வைப்பார்கள், 100 மில்லிக்குள் இருப்பதால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பவர்பேங்க்கை மட்டும் மறந்தும் பெரிய பெட்டியில் போடாதீர்கள், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் என்பதால் அதைக் கையோடுதான் கொண்டுபோகவேண்டும்.

போன காசைப் பற்றி. பெல்ட் நின்ற எரிச்சலில் அப்படியே வெளியே வந்துவிடாமல், அங்கேயே பெட்டிக்கான கவுன்ட்டரில் புகார் எழுதி எண் வாங்கியிருந்தால் பாதி வேலை முடிந்தது. நாடு விட்டு நாடு போகும் விமானங்களுக்குப் பெரும்பாலும் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி, பெட்டி தாமதமாக வந்தால் அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்திடம் எழுத்தில் இழப்பீடு கேட்கவேண்டும், உடைந்து வந்தால் 7 நாள்தான். எப்போது வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நாளை எண்ணிப் பாருங்கள். ஷூ வாங்கிய ரசீது, பந்தயத்தில் பதிவு செய்த மின்னஞ்சல் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், “ஷூ அவசரத் தேவையா?” என்று கேட்பார்கள், அந்த மின்னஞ்சல்தான் பதில்.

கேள்வி: பதிவுக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று சேர்ந்துவிட்டேன். வேறு என்ன செலவு வரும்?

பதில்: மற்ற எல்லாச் செலவும் வரும்! போட்டி நடக்கிற வார இறுதியில் அந்த ஊர் அறை வாடகை ஏறியிருக்கும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ரத்து செய்தால் காசு திரும்பாத அறை. கால் சுளுக்கினால் அதுவும் போச்சு. காலையில் போய் இறங்குவீர்கள், அறை மதியம்தான் தருவார்கள், முன்னதாக வேண்டுமென்றால் தனிக் காசு. பிப்பை (சட்டையில் குத்திக்கொண்டு ஓடும் எண் சீட்டு) நேரில் வந்து அடையாள அட்டை காட்டித்தான் வாங்கவேண்டும் என்று பல போட்டிகளில் விதி, கொடுக்கிற இடம் ஊரின் மறுகோடியில் இருக்கும், அங்கே போனால் சும்மா வரமாட்டீர்கள், தேவையில்லாத ஒரு தொப்பி வாங்குவீர்கள். (என்னிடம் ஐந்து இருக்கிறது.) பந்தய நாள் அதிகாலையில் சாலைகளை அடைத்துவிடுவதால் டாக்ஸி ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிடும், ஹோட்டல்காரர் காலை உணவைத் திறக்கும்போது நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள், ஆக அதற்கும் வெளியே தனியாக வாங்கிவைக்கவேண்டும். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குகிற காசைத் தனியாக எடுத்து வையுங்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் போகாமல் இரண்டு நாள் முன்னால் போவதற்கு அது உதவும், விமானம் தவறினாலும் பந்தயம் தவறாது.

கேள்வி: பெரிய ஓட்டக்காரர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பதில்: நம்முடையதெல்லாம் ஒன்றுமே இல்லை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக் மராத்தானில் ஓட கார்லோ ஐரோல்டி என்ற இத்தாலியர் மிலானிலிருந்து பெரும்பகுதி நடந்தே போனார். போய்ச் சேர்ந்ததும், முன்பு பரிசுப்பணம் வாங்கியவர், தொழில்முறைக்காரர் என்று சொல்லி ஓட விடவில்லை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்குக்குக் கிளம்பிய கியூபா தபால்காரர் பெலிக்ஸ் கார்வஹால், வழியில் நியூ ஆர்லியன்ஸில் சூதாடிக் கையிலிருந்ததை எல்லாம் விட்டார் என்பார்கள். எப்படியோ வந்து சேர்ந்தவரின் முழுக்கால் சட்டையை யாரோ முழங்காலோடு வெட்டிவிட, சாதாரணச் செருப்புக்கடைக் காலணியில் ஓடி நாலாவதாக வந்தார். ஜப்பானின் ஷிசோ கனகுரி 1912-ல் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர கப்பலிலும் சைபீரிய ரயிலிலுமாக 18 நாள் ஆயிற்று. அலுப்பு தீராத உடம்போடு கடும் வெயிலில் ஓடி, பாதியில் மயங்கி, போட்டி நடத்தியவர்களிடம் சொல்லாமலேயே ஊர் திரும்பிவிட்டார். 1967-ல் கூப்பிட்டு அனுப்பி மிச்சத்தை ஓடவைத்தார்கள். மொத்த நேரம்: 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 நொடி.

கேள்வி: பேருந்து வழியில் நின்றதால் முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. அப்படி இருந்தால் ஓடலாமா?

பதில்: உடம்பு சரியாக இருந்தால் ஓடலாம். அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தால் ஒரு ராத்திரி போனது பெரிதாகக் கெடுக்காது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் வேண்டாம். தூக்கம் கெட்டதை ஈடுகட்டுகிறேன் என்று லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரும் குடிக்காதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கினால் அது வேறு ஆபத்து.

கேள்வி: ரயில் ரத்தாகிவிட்டது, என்னால் போக முடியவில்லை. என் பிப்பை அங்கிருக்கும் நண்பர் போட்டு ஓடட்டுமா?

பதில்: கூடாது. அவர் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு அந்த எண்ணை வைத்து உங்கள் பெயரையும் உங்கள் அவசரத் தொடர்பையும்தான் எடுக்கும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் உங்களைப் பற்றி உங்கள் மனைவிக்கு போன் வரும். பெயர் மாற்றவோ அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடவோ வழி உண்டா என்று போட்டி நடத்துகிறவர்களுக்கு இன்றே எழுதுங்கள், சில போட்டிகளில் அதற்குக் கடைசித் தேதி உண்டு.