யாழ்ப்பாணத்தில் காணியில் முதலிட விரும்புவோரிற் பலர் ஏன் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள்?

பணப் பற்றாக்குறையே காரணம் என்று பலரும் சொல்வார்கள். என் கணிப்பில், காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, கையில் எடுத்துப் படிக்கும் இடத்திலேயே பெரும்பாலானோர் தளர்ந்துவிடுகிறார்கள். சீதனமாகவும் முதுசமாகவும் தலைமுறைகளாகப் பிரிந்த நான்கு பரப்புக் (யாழ்ப்பாண நில அளவு) காணிக்குப் பங்காளிகள் கொழும்பிலும் கனடாவிலும் இருப்பார்கள். அவர்களிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவர்கள் சார்பில் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம், பெறுவதற்கே மாதங்கள் கழியக்கூடும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி, பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்குமுன் கூட்டுரிமையாளருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், அவர்கள் பின்னர் நீதிமன்றம் சென்று அப்பங்கைத் தமக்கே கோரலாம். அச்சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை.

எனவே, விலை பேசுமுன் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) மூலம் காணிப் பதிவகத்தில் உரிமைத் தொடரையும் ஈட்டையும் (அடமானத்தையும்) தேடிப் பார்ப்பித்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லைகளை உறுதிப்படுத்துங்கள். கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் தவறாமல் பாருங்கள்.