பை கொடுக்கப் போனோம், பையன் கோபித்துக்கொண்டான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்கள் நான்கு பேரையும் வளர்த்தவர். அவர் திதியைப் படையலோடு நிறுத்தாமல், ஆளுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) போட்டுத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்குப் புத்தகப்பையும் காலணியும் வாங்கித் தருகிறோம். நான்கு வருடமாக நடக்கிறது. கணக்கு, கடை, சாப்பாடு எல்லாம் என் தலையில்தான்.

இந்த முறை ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகன் கையால் கொடுக்க வைத்தோம். வரிசையில் வந்த ஒருவன் வகுப்பில் இவன் பக்கத்தில் உட்காருகிறவன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டே பையை நீட்டினான். கோலாலம்பூரிலிருந்து வந்த தம்பி, “நிமிர்ந்து பார்டா, சிரிடா” என்று படம் பிடித்து அன்றே முகநூலில் போட்டுவிட்டான். மறுநாள் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகும் இவனோடு பேசுவதில்லையாம். “இனிமே என்னைக் கூப்பிடாதீங்கம்மா” என்கிறான் மகன். “உங்க தாத்தா பழைய சோறு தின்னுட்டு...” என்று ஆரம்பித்தேன், எழுந்து போய்விட்டான். இரக்கமே இல்லாமல் வளர்கிறானோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று. பெரிய அண்ணனுக்கு லாரி வேலை போய் ஒரு வருடமாகிறது. இந்த முறை பணமும் வரவில்லை, அண்ணனும் அண்ணியும் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எல்லார் பெயரையும் தொகையையும் போட்டிருந்தேன். அண்ணன் பெயருக்கு நேரே மட்டும் காலி. “மனசிருந்தா வந்திருப்பாங்க” என்கிறாள் தங்கை. குடும்பமாகச் செய்யத்தானே ஆசைப்பட்டேன்?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

மகனுக்கு இரக்கம் இல்லையோ என்று பயப்படுகிறீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அங்கே இருந்தவர்களில் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தவன் உங்கள் மகன் ஒருவன்தான். அதனால்தான் குனிந்தான்.

இன்றைக்கே அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள். தம்பி கோபித்தால் கோபிக்கட்டும். அப்புறம் மகனிடம், “அம்மா யோசிக்காம செஞ்சிட்டேன்” என்று சொல்லுங்கள். தாத்தா கதை அப்போது வேண்டாம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அந்தப் பையன் வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள், அது அவனுக்கு இரண்டாவது அவமானம். நண்பனை எப்படிச் சரிக்கட்டுவது என்பதை மகனிடமே விடுங்கள்.

இரண்டு வயதுகூட ஆகாத குழந்தைகளை வைத்துக் கனடாவில் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. வேறு யாரோ கொடுக்கச் சொல்லித் தந்த தின்பண்டத்தைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தபோது குழந்தைகள் அதிக மகிழ்ச்சி காட்டினார்கள். உங்கள் மகன் விஷயத்தில் பணமும் முடிவும் பெரியவர்களுடையவை, கை மட்டும் அவனுடையது. அடுத்த வருடம் அவனையும் மற்ற பிள்ளைகளையும் உட்காரவைத்து, யாருக்கு என்ன, எப்படிக் கொடுப்பது என்று அவர்களிடம் கேளுங்கள். தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுத் தரும் அங்பாவ் பணத்தில் கொஞ்சம் போட விரும்பினால் போடட்டும், வற்புறுத்த வேண்டாம். ‘தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடலாம், நாம் போகவே வேண்டாம்’ என்று அவன் சொல்லக்கூடும். சொன்னால் கேளுங்கள்.

அண்ணன் விஷயத்தில் தங்கை சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகு யாருக்கு வர மனம் வரும்? 1950களில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு நாளிதழ் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழுக்காகத் தோட்டத்து ஆட்களும் ஆளுக்கு ஒரு வெள்ளி தந்தார்கள். இருக்கிறவர் கையைப் பார்த்து வைத்த தொகை இல்லை அது. உங்கள் 300 வெள்ளியை யார் கையைப் பார்த்து வைத்தீர்கள்?

அடுத்த முறை வீட்டில் ஒரு உண்டியல் வையுங்கள், பெயரும் வேண்டாம், தொகையும் வேண்டாம். பைகள் பத்து ஆறாகக் குறைந்தால் குறையட்டும். ஆனால், “பணம் இல்லாட்டி என்ன, அண்ணி சமையலுக்கு வரட்டும்” என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்வோம், அவர் காதில் வேலைக்காரி என்று விழும்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் போங்கள். பணப் பேச்சை எடுக்காதீர்கள். மகனையும் கூட்டிப்போங்கள். மூத்தவர் என்பதால் அப்பாவோடு விடியற்காலையில் மரம் வெட்டப் போன பழக்கம் அண்ணனுக்கு இருந்திருக்கும். அந்தப் பழைய சோற்றுக் கதையை அவர் சொன்னால் உங்கள் மகன் எழுந்து போகாமல் கேட்பான் என்று நினைக்கிறேன்.