தெரிந்தும் ஏன் தவறாகச் செய்கிறாள்?

வாசகர் கேள்வி: நான்கு வயது நிறைந்த என் மகள் தெளிவாகப் பேசுகிறாள். ஆனால், 'சிவப்புப் பந்தை எடுக்காமல் நீலப் பந்தை எடு' என்றால் சிவப்பையே எடுத்து வருகிறாள். என்ன சொன்னேன் என்று கேட்டால், பிழையில்லாமல் திருப்பிச் சொல்கிறாள். இது பிடிவாதமா, மொழி வளர்ச்சியில் குறையா?

பதில்: திருப்பிச் சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியிலேயே இருக்கிறது. சொன்னது அவளுக்குப் புரிந்திருக்கிறது. 'சிவப்பு' என்று காதில் விழுந்ததுமே புறப்பட்டுவிட்ட கையைப் பிடித்து நிறுத்தும் திறன்தான் இன்னும் முதிரவில்லை. முதலில் எழும் எண்ணத்தை அடக்கிவைக்கும் இத்திறன் பெரிதும் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. அப்பகுதி முழுமையாக முதிர இருபது வயதும் கடந்துவிடும் என்பதால், நான்கு வயதுக் குழந்தையின்மீது பிடிவாதம் என்ற பழியைச் சுமத்துவது நியாயமாகாது.

உளவியலாளர் அடேல் டயமண்டும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், சூரியன் படத்தைப் பார்த்தால் 'இரவு' என்றும் நிலாப் படத்தைப் பார்த்தால் 'பகல்' என்றும் குழந்தைகள் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் இதில் மிகவும் திணறினார்கள். பின்னர் 2002இல் வெளிவந்த ஆய்வில், படத்தைக் காட்டியதும் ஆய்வாளர் ஒரு சிறு பாட்டைப் பாடி முடித்த பிறகே விடை சொல்லவைத்தபோது, நான்கு வயதினர் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். கற்பித்தது எதுவுமில்லை, வாயில் வந்து நின்ற விடை அடங்குவதற்குச் சில நொடிகள் கிடைத்தன, அவ்வளவுதான்.

வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்கும் இந்த அடக்கம் தேவைப்படுகிறது. முற்பாதி தந்த பொருளைப் பிற்பாதி மாற்றும்போது, ஐந்து வயதுக் குழந்தைகள்கூட முதலில் பிடித்த பொருளை எளிதில் விடுவதில்லை. தமிழில் எதிர்மறை வினையின் வாலில்தான் ஒட்டுகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்: 'ஓடாதே' என்பதில் ஓட்டம் முந்திக்கொள்கிறது, தடை பின்னால் வருகிறது. ஆகவே விலக்க வேண்டியதைப் பெயர் சொல்லி நினைவூட்டாமல், 'நீலப் பந்தை எடு', 'மெல்ல நட' என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். சொன்ன பிறகு, அவள் கை நீளுமுன், 'எதை எடுக்கப் போகிறாய்?' என்று ஒரு முறை கேளுங்கள். அவள் பதில் சொல்லும் நேரமே அந்தப் பாட்டின் வேலையைச் செய்துவிடும். தவறிய பிறகு அதே கேள்வியைக் கண்டிப்புடன் கேட்பதில் பயனில்லை.

நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லவே அவள் திணறினாலோ, விலக்கு எதுவும் இல்லாத எளிய ஏவலும் அவளுக்குப் புரியாமல் போனாலோ, குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, முதலில் செவித்திறனைச் சோதித்துப் பாருங்கள்.