நீங்கள் நேரில் கண்டிராத மூதாதையர் ஒருவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

என் பூட்டனைப் பற்றி, அதாவது அப்பப்பாவின் தகப்பனாரைப் பற்றி, 2016 வரை எனக்கு ஒன்றுமே தெரியாது. பெயர்கூடத் தெரியாது.

அந்த ஆண்டு அப்பாவின் அந்தியேட்டிக்காகக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தோம். திருகோணமலையில் எங்களுக்கு 31ஆம் நாள் கிரியை என்றால் கன்னியாதான். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பது ஐதீகம். 7 கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஐயர் தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டு மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன், அப்பப்பாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. கையில் எள்ளும் தண்ணீரும் இருக்க, பெயரில்லாமல் நின்றேன். பின்னால் நின்ற மாமி, அப்பாவின் அக்கா, 82 வயது, சொன்னார்: “உன் தம்பியின் பெயர்தானடா.”

சாப்பிட வா, படிக்க வா என்று வீட்டில் நாள்தோறும் கூப்பிட்ட பெயர்!

அன்று மாலையே மாமியிடம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். பூட்டன் ஓர் ஓடாவி. கடற்படை டொக்யாட்டில், அதாவது கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில், மரவேலை. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது மாமிக்கு எட்டு வயது. சித்திரை வருடப்பிறப்புக்கு நான்கைந்து நாள்களே இருந்தன. வறுத்த பயறு சுளகில் ஆறிக்கொண்டிருந்ததாம். சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்றின் மீது விமானமொன்று விழுந்து பற்றிக்கொண்டது. முதல் நாள் இரவு துறைமுகத்தை விட்டுப் போன ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. இவையெல்லாம் நான் பிறகு படித்தவை. மாமிக்குத் தெரிந்தது வேறு: மத்தியானம் புகைக் கரியோடு வந்த பூட்டன் பாயையும் தலையணையையும் விட்டுவிட்டு, தன் தச்சு ஆயுதப் பெட்டியைத் தோளில் தூக்கினார். பூட்டி சத்தம் போட்டார். “பாய் இரவல் கிடைக்கும், உளி கிடைக்காது” என்றாராம்.

பிள்ளைகளோடு தம்பலகாமத்துக்கு நடந்தார்கள், சுமார் 15 மைல். தெரிந்த வயற்காரர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருப்பு. அங்கே கலப்பையும் வண்டிச் சில்லும் செப்பனிட்டுக் கொடுத்து, கூலியாக நெல் வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தப் பெட்டிதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வருடப்பிறப்பன்று மாமியைத் தம்பலகாமம் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். 1622இல் இதே வருடப்பிறப்பு நாளில்தான் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தைச் சூறையாடினார்கள் என்றும், அங்கிருந்து காப்பாற்றிய மூர்த்தங்களைத் தம்பலகாமத்தில் வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். “சுவாமியே வந்து தங்கிய ஊர், நமக்கென்ன பயம்?” என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். வீட்டை நினைத்து அழுத பிள்ளையிடம் 320 ஆண்டுக் கதையை எடுத்துச் சொன்ன மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பிறகு ஊர் திரும்பி மறுபடியும் டொக்யாட்டுக்குப் போனார். அவர் பிள்ளை, என் அப்பப்பா, 1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டுப் போகும்வரை அங்கேயே வேலை பார்த்தார்.

பெட்டி இப்போது இல்லை. ஓர் உளி மட்டும் மாமி வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. தீட்டித் தீட்டி இரும்பு நாலு விரற்கடைதான் மிச்சம். சவண்டலை மரப் பிடி. பெருவிரல் பதியும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளம், கண்ணாடிபோல் வழுவழுப்பாக. என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன்; பள்ளம் பெரிதாக இருந்தது.

மாமியும் போய்விட்டார். ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் தர்ப்பணம் செய்யும்போது இப்போது மூன்று பெயரையும் தயங்காமல் சொல்கிறேன். மூன்றாவது பெயரைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் தம்பி என்னைத் திரும்பிப் பார்க்கிறான்.