மஞ்சள் வீடுகளைப் பார்த்து அழுதேன்

கேள்வி: எனக்கு வயது 69. சாட்ஸ்வொர்த்தில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். பேத்தியின் பள்ளிப் புத்தகத்தில், தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செகோட்டோ வரைந்த, ஜோஹன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுன் பகுதித் தெரு ஓவியத்தைப் பார்த்தேன். மஞ்சள் வீடுகள், ஒரு தெரு, அவ்வளவுதான். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். சோஃபியாடவுனை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஓவியமும் தெரியாது. எட்டு வயதில், இங்கே டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி அரசு எங்களை வெளியேற்றியது. "வயதாகிவிட்டது, மருத்துவரைப் பாருங்கள்" என்கிறான் மகன். பார்க்க வேண்டுமா?
– ஒரு வாசகி, டர்பன்

பதில்: அம்மா, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, அழுகை நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஓவியத்தின் முன் ஒருமுறை அழுததற்கு மருந்து தேவையில்லை.

செகோட்டோ அந்தத் தெருவை வரைந்து முடித்தது 1940-இல். அப்போது அவர் குடியிருந்ததே சோஃபியாடவுனில்தான். பிறகு கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், அதன் பிறகு பிரிட்டோரியாவில் ஈஸ்ட்வுட் என்று வாழ்ந்த இடங்களையெல்லாம் வரைந்தார். அந்த மூன்று இடங்களையும் பின்னாளில் நிறவெறி அரசு தரைமட்டமாக்கியது. சோஃபியாடவுன் மக்களை 1955-இல் வெளியேற்றத் தொடங்கியபோது அவர் பாரிஸில் இருந்தார். 1947-இல் போனவர், 1993-இல் சாகும் வரை திரும்பவே இல்லை.

ஆக, அந்தப் படத்தை அவர் துக்கத்தில் வரையவில்லை. அந்த வீடுகள் இடிபடும் என்று அவருக்குத் தெரியாது. வெயில் விழுந்த சுவரின் மஞ்சள் அவருக்குப் பிடித்திருந்தது, அதை வரைந்தார். துக்கத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது நீங்கள்தான். ஓவியம் அதற்கு இடம் கொடுத்தது.

என் தாத்தாவின் ஒரே புகைப்படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து நான் ஒருநாளும் அழுததில்லை. புகைப்படம் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. ஒரு சுவரை வரைகிறவரோ அதன் எதிரே நெடுநேரம் நிற்க வேண்டும், நிறத்தைக் குழைத்துக் குழைத்துப் பார்க்க வேண்டும். சேரி என்று சொல்லி அரசு இடித்த வீடுகளை ஒருவர் அத்தனை அன்போடு பார்த்திருக்கிறார். 1958-இல் கேட்டோ மேனரை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தவர்கள் உங்கள் வீட்டை அப்படிப் பார்த்தார்களா? உங்கள் கண்ணீர் அங்கிருந்து வந்ததாகவே நான் நம்புகிறேன்.

மகனிடம் கோபம் வேண்டாம். அவர் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. பேத்தியை அழைத்துக்கொண்டு கேட்டோ மேனருக்குப் போங்கள். அம்பலவாணர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. கும்பிட்டுவிட்டு, உங்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று கை நீட்டிக் காட்டுங்கள். திரும்பி வந்ததும் அவளிடம் ஒரு தாளையும் வண்ணப் பெட்டியையும் கொடுத்து, அந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். கூரை தகரமா, கதவு என்ன நிறம், வாசலில் என்ன மரம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நினைவில் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள். நடுவில் அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழுங்கள்.